மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு: யாரைக் கேட்பது, எப்போது கேட்பது, எதை வைத்துக் கேட்பது?

மாரடைப்பிலிருந்து பிழைத்து வீடு திரும்புபவரின் டிஸ்சார்ஜ் தாளில் கிட்டத்தட்ட எல்லாம் எழுதியிருக்கும். எந்த மாத்திரை எத்தனை வேளை, எப்போது படி ஏறலாம், எப்போது வண்டி ஓட்டலாம், அடுத்த எக்கோ எந்தத் தேதியில். மனம் எப்படி இருக்கிறது என்ற வரி மட்டும் பெரும்பாலும் இருக்காது. அந்த வரியைச் சேர்க்க வேண்டுமா, சேர்த்தால் எப்படி என்று இதய மருத்துவர்களும் மனநல மருத்துவர்களும் பல ஆண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். இரண்டு பக்கமும் வலுவான ஆதாரம் இருப்பதால்தான் வாதம் ஓயவில்லை. ஒரு மருத்துவமனையோ இதய மறுவாழ்வு மையமோ இதில் முடிவெடுக்க வேண்டும் என்றால், முன்னால் உள்ள வழிகளை எடைபோட்டுப் பார்ப்பது எப்படி என்பதே இந்தக் கட்டுரை.

யாரும் மறுக்காத பகுதியை முதலில் முடித்துவிடலாம். மாரடைப்புக்குப் பின் முறையான நேர்காணல் நடத்திப் பார்த்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தீவிர மனச்சோர்வு இருக்கிறது. கேள்வித்தாளில் அறிகுறி காட்டுபவர்களைக் கணக்கிட்டால் எண்ணிக்கை மூன்றில் ஒருவரை நெருங்குகிறது. 1993-இல் நான்சி ஃப்ரேஷர்-ஸ்மித்தும் சக ஆய்வாளர்களும் கனடாவின் மாண்ட்ரியலில் 222 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். மனச்சோர்வு இருந்தவர்கள் முதல் ஆறு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று தெரியவந்தது. பின்னால் வந்த, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வுகள் அந்தப் பெருக்கத்தை இரண்டு மடங்குக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறக்கின. அதுவும் சிறிய எண் அல்ல. 2014-இல் அமெரிக்க இதய சங்கத்தின் நிபுணர் குழு, மாரடைப்பு போன்ற திடீர் இதயப் பாதிப்புக்குப் பின் மனச்சோர்வையும் ஓர் ஆபத்துக் காரணியாகவே கருத வேண்டும் என்று பரிந்துரைத்தது.

காரணங்களில் பாதி கண்ணுக்குத் தெரிபவை. மனம் விட்டுப்போனவர் மாத்திரையைத் தவறவிடுவார், நடைப்பயிற்சியை நிறுத்துவார், விட்ட சிகரெட்டை மீண்டும் எடுப்பார், மறுவாழ்வு வகுப்புக்கு வரமாட்டார். மீதிப் பாதி உடலுக்குள் நடப்பது: ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்வது, அழற்சி கூடுவது, இதயத் துடிப்பு சூழலுக்கேற்ப ஏறி இறங்கும் தன்மை குறைவது.

இதுவரை படித்தவருக்கு, அப்படியானால் எல்லோரையும் சோதித்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஆபத்து இருக்கிறது என்பதும், தேடிக் கண்டுபிடித்தால் அந்த ஆபத்து குறையும் என்பதும் வெவ்வேறு கூற்றுகள். இரண்டாவதை நிரூபிக்க முயன்ற ஆய்வுகள் கொஞ்சம் குளிர்ந்த நீரை ஊற்றுகின்றன.

அமெரிக்க இதய சங்கம் 2008-இல், எல்லா இதய நோயாளிகளிடமும் மனச்சோர்வு பற்றி இரண்டு கேள்வி கேட்டு, தேவைப்பட்டால் ஒன்பது கேள்விக்குப் போகலாம் என்று அறிவுரை வெளியிட்டது. அதே ஆண்டு ப்ரெட் தாம்ப்ஸ் தலைமையில் வந்த ஒரு விரிவான மறுஆய்வு, இப்படி எல்லோரையும் கேட்டுச் சோதிக்கும் ஸ்கிரீனிங் செய்வதால் நோயாளிகளின் நிலை மேம்படுகிறது என்பதற்கு நேரடி ஆதாரமே இல்லை என்றது. அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் கோடியாக்ஸ் ஆய்வு. அதன் முடிவு 2019-இல் வெளியானது. இதயப் பாதிப்பு வந்து 2 முதல் 12 மாதம் ஆன 1500 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஸ்கிரீனிங் செய்து, மருத்துவருக்குத் தெரிவித்து, சிகிச்சைக்கும் ஏற்பாடு செய்தார்கள். இன்னொரு குழுவுக்கு ஸ்கிரீனிங் செய்து தெரிவித்ததோடு சரி. மூன்றாவது குழுவுக்கு எதுவுமில்லை. 18 மாதம் கழித்துப் பார்த்தால், வாழ்க்கைத் தரத்திலும் மனச்சோர்வு இல்லாமல் கழிந்த நாட்களிலும் மூன்று குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதைச் சொல்லி ஸ்கிரீனிங்கையே மூடிவிடலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அந்த முடிவுக்கு அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. ஏற்கெனவே மனச்சோர்வு வந்தவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அதனால் சோதிக்கப்பட்ட 1000 பேரில் அறிகுறி தெரிந்தவர்கள் வெறும் 71 பேர். நூற்றுக்கு ஏழு பேரிடம் ஏற்படும் முன்னேற்றம் மொத்தக் கூட்டத்தின் சராசரியில் கரைந்துபோவதில் வியப்பில்லை. அந்த ஆய்வு சொல்வது இவ்வளவுதான்: முன்பு மனச்சோர்வு வராத எல்லோரிடமும் ஒருமுறை கேள்வித்தாளை நீட்டுவதால் பெரிய பலன் இல்லை. முன்பு வந்தவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. உண்மையில் மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வில் விழும் வாய்ப்பு அவர்களுக்குத்தான் அதிகம்.

இனி வழிகள்.

கேள்வித்தாளே வேண்டாம், அனுபவமுள்ள மருத்துவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார் என்பது முதல் வழி. கேட்கக் கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் வெளிநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரத்தில் ரத்த அழுத்தம், கொழுப்பு, மாத்திரைப் பக்கவிளைவு எல்லாம் போக முகத்தைப் பார்க்க எவ்வளவு மிச்சமிருக்கும்? மேலும் இதய நோயாளியின் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வெளிப்படுவதில்லை. எரிந்து விழுவார், பேச்சைக் குறைத்துக்கொள்வார், களைப்பு என்பார். மாரடைப்பு வந்தவர் சோர்ந்துதான் இருப்பார் என்று வீட்டாரும் விட்டுவிடுவார்கள். இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மாத்திரை செய்கிற வேலை என்று சிலர் மாத்திரையின் தலையில் பழியைப் போடுவதும் உண்டு. 35,000-க்கு மேற்பட்டவர்களை உள்ளடக்கிய 15 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளியான கட்டுரையில், அந்த மாத்திரைகளால் களைப்பு சற்றுக் கூடியது, ஆனால் மனச்சோர்வு அறிகுறிகள் குறிப்பிடும்படி கூடவில்லை. பழியை மாத்திரையின் மேல் போட்டு அதை நிறுத்திக்கொள்பவர் இரட்டை நஷ்டம் அடைகிறார். இந்த முதல் வழிக்கு ஒரு நியாயமும் உண்டு. தேவையில்லாமல் யார் மேலும் முத்திரை விழாது.

இரண்டாவது வழி எல்லோரிடமும் இரண்டு கேள்வி. கடந்த இரண்டு வாரங்களில் வழக்கமாகச் செய்யும் காரியங்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தீர்களா? ஒரு நிமிடம் போதும். நர்ஸ் கேட்கலாம், தொலைபேசியிலும் கேட்கலாம். ஆனால் கேட்கிற விதம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். மகன் பக்கத்தில் நிற்க, ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே, “கவலை ஒன்றும் இல்லையே, நன்றாகத்தானே இருக்கிறீர்கள்?” என்று கேட்டால் வரக்கூடிய பதில் ஒன்றுதான். கேள்வியிலேயே பதில் இருக்கிறது. கேள்வியை அச்சிட்டபடி படித்து, உடன் வந்தவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லி, பதில் வரும்வரை காத்திருந்தால் அதே நோயாளி வேறு மாதிரிப் பேசுவார்.

மூன்றாவது, ஒன்பது கேள்வி கொண்ட பிஎச்க்யூ-9. 2001-இல் குரோன்கே, ஸ்பிட்ஸர், வில்லியம்ஸ் ஆகியோர் இதை வெளியிட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் அடுத்த கட்டம் என்பது வழக்கம். கட்டணம் இல்லை, முன்அனுமதி தேவையில்லை, பல மொழிகளில் கிடைக்கிறது. இந்தப் பத்து என்ற எல்லைக்கோட்டை வைத்துப் பார்த்தபோது, முதன்மை மருத்துவ மையங்களின் நோயாளிகளிடம் நடந்த மூல ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களில் 88 சதவீதத்தினரைத் தாள் பிடித்தது.

இதய நோயாளிகளிடம் அதே எல்லைக்கோடு அப்படி வேலை செய்யவில்லை. சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 1,024 இதய நோயாளிகளைக் கொண்டு நடந்த ‘ஹார்ட் அண்ட் சோல்’ ஆய்வில், பத்து என்ற எல்லை 54 சதவீதத்தினரை மட்டுமே பிடித்தது. மனச்சோர்வு இல்லாதவர்களை இல்லை என்று சரியாகச் சொன்னது 90 சதவீதம். அதே ஆய்வில் ஆம்-இல்லை என்று பதில் சொல்லும் இரண்டு கேள்விகள் 90 சதவீதத்தினரைப் பிடித்தன, ஆனால் இல்லாதவர்களை இல்லை என்று சொன்னது 69 சதவீதம்தான்.

சதவீதத்தை ஆட்களாக மாற்றினால் வழிகளின் குணம் தெரியும். நூறு பேர், அவர்களில் 20 பேருக்கு மனச்சோர்வு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கேள்வி கேட்டால் 20 பேரில் 18 பேர் கிடைப்பார்கள். கூடவே மனச்சோர்வு இல்லாத 80 பேரில் ஏறத்தாழ 25 பேரும் வலையில் விழுவார்கள். ஆக 43 பேரை யாராவது உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். ஒன்பது கேள்வியும் பத்து என்ற கோடும் வைத்தால் கிடைப்பவர்கள் 11 பேர், தவறாக விழுபவர்கள் 8 பேர். விசாரிக்க வேண்டியவர்கள் 19 ஆகக் குறைகிறார்கள், ஆனால் ஒன்பது பேர் கைநழுவிப் போகிறார்கள். எல்லோரும் பரிந்துரைக்கும் இரண்டு-பிறகு-ஒன்பது என்ற ஏற்பாட்டில் இந்த நழுவல் மறைந்துகொள்கிறது. முதல் கட்டத்தில் ஆம் என்று சொன்னவர் இரண்டாவது கட்டத்தில் 8 வாங்கினால், கோப்பில் ‘இயல்பு’ என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த எழுத்துதான் இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை. இரண்டு கேள்விக்கு ஆம் சொல்லி ஒன்பதில் பத்தைத் தொடாதவரை இரண்டு, மூன்று வாரத்தில் மீண்டும் கேட்க வேண்டும்.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. உதாரணத்துக்கு இரண்டு தாள்கள். முதல் தாளில் தூக்கமின்மைக்கு 3, களைப்புக்கு 3, பசியின்மைக்கு 2, கவனம் நிற்காததற்கு 2, அசைவு மந்தமானதற்கு 1. ஆர்வமின்மைக்கும் சோர்ந்த மனத்துக்கும் பூஜ்யம். மொத்தம் 11. இரண்டாவது தாளில் ஆர்வமின்மைக்கு 3, சோர்ந்த மனத்துக்கு 2, தன்னைப் பயனற்றவராக நினைப்பதற்கு 3, களைப்புக்கு 2, தூக்கத்துக்கு 1. இதுவும் 11. முதல் தாளைக் கொடுத்தவருக்கு இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் குறைந்திருக்கிறதா, தைராய்டு, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத் தடை ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஆர்வமிழப்பு, சோர்ந்த மனம் இரண்டில் ஒன்றாவது இல்லாமல் தீவிர மனச்சோர்வு என்று முடிவு கட்டுவதில்லை. இரண்டாவது தாளைக் கொடுத்தவருக்கு உடனே பேச ஆள் வேண்டும். மதிப்பெண்ணைக் கணினியில் ஏற்றும்போது கூட்டுத்தொகையை மட்டும் பதிவு செய்தால் இந்த இருவரும் ஒருவராகிவிடுவார்கள். ஆகவே ஒன்பது கட்டங்களையும் பதிவு செய்யுங்கள்.

உடல் அறிகுறிகள் குழப்புகின்றன என்பதாலேயே சிலர் எச்ஏடிஎஸ் தாளை விரும்புகிறார்கள். ஸிக்மண்டும் ஸ்னெய்த்தும் 1983-இல் மருத்துவமனை நோயாளிகளுக்காகவே உருவாக்கியது. பதினான்கு கேள்விகள், ஏழு பதற்றத்துக்கு, ஏழு மனச்சோர்வுக்கு. களைப்பு, பசி போன்றவற்றை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறார்கள். மாரடைப்புக்குப் பின் பதற்றமும் மனச்சோர்வும் கைகோத்து வருவதால் ஒரே தாளில் இரண்டையும் பார்க்க முடிவது உண்மையான லாபம். ஆனால் உரிமம் வாங்க வேண்டும், தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வி இல்லை. இருபத்தொரு கேள்வி கொண்ட பெக் அளவுகோலின் இரண்டாம் பதிப்பு ஆய்வுகளுக்கு நன்று, நெரிசலான வெளிநோயாளிப் பிரிவுக்கு நீளம். இதய நோயாளிகளுக்கென்றே ஹேரும் டேவிஸும் 1996-இல் ஆஸ்திரேலியாவில் வெளியிட்ட 26 கேள்வி அளவுகோல் மறுவாழ்வு மையங்களில் பயன்படக்கூடியது. நோயோடு ஒத்துப்போக முடியாத லேசான வருத்தத்தையும் அது பிடிக்கும். வாரக்கணக்கில் ஒரே நோயாளியைச் சந்திக்கும் இடத்தில்தான் அவ்வளவு நுட்பத்துக்கு வேலை இருக்கிறது.

கடைசி வழி, எல்லோரையும் விட்டு ஆபத்து அதிகமுள்ளவர்களை மட்டும் தேடுவது. முன்பு மனச்சோர்வு வந்தவர்கள், தனியாக வாழ்பவர்கள், இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள், குறிப்பாக இளம் பெண்கள், மாத்திரையைத் தவறவிடுபவர்கள், வேலைக்குத் திரும்பத் தயங்குபவர்கள். ஆட்கள் குறைவான இடத்தில் இது ஏமாற்று வேலை அல்ல, நியாயமான தேர்வு. வரலாற்றைக் கேட்பதற்குத் தாள்கூடத் தேவையில்லை. “முன்பு எப்போதாவது மனச்சோர்வுக்காக மருத்துவரைப் பார்த்திருக்கிறீர்களா, மாத்திரை எடுத்திருக்கிறீர்களா?” என்ற ஒரு கேள்வியை அனுமதிப் படிவத்திலேயே சேர்த்துவிடலாம்.

எப்போது என்பதில் கருத்து வேறுபாடு அதிகமிருந்தாலும் விஷயம் அவ்வளவு சிக்கலானது இல்லை. வார்டில் கேட்டால் எல்லோரும் கிடைப்பார்கள், அதுதான் அதன் ஒரே வசதி. இரவெல்லாம் மானிட்டர் ஒலி, பயம், தூக்கமின்மை என்று கிடப்பவரின் மதிப்பெண் ஏறத்தான் செய்யும். அதில் ஒரு பகுதி வீட்டுக்குப் போனதும் தானே இறங்கிவிடும். அதற்காக வார்டில் தெரிந்த சோர்வு அர்த்தமற்றது என்று சொல்ல முடியாது. மாண்ட்ரியல் ஆய்வு அளந்ததே மருத்துவமனையில் இருந்த நாட்களில்தான். மறுபுறம், வீட்டுக்குப் போய் முதல் உற்சாகம் வடிந்த பிறகு விழுபவர்களை வார்டில் பிடிக்கவே முடியாது. வார்டில் முன்வரலாற்றுக் கேள்வி, நான்கு முதல் ஆறு வாரத்தில் வரும் முதல் சந்திப்பில் இரண்டு கேள்வியும் தேவைப்பட்டால் ஒன்பதும், மூன்று மாதத்தில் இன்னொரு முறை என்று பிரித்துக்கொள்வதே என் தேர்வு. ஒரே ஒருமுறைதான் முடியும் என்றால் வார்டைவிட அந்த முதல் சந்திப்பை எடுத்துக்கொள்வேன்.

இத்தனையும் கேட்டு முடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் வழிகள் உண்மையில் பிரிகின்றன. மருத்துவருக்குக் கடிதம் எழுதிவிட்டு நிற்பதால் பயன் தெரியவில்லை என்பதை மேலே பார்த்தோம். சிகிச்சை என்றால் எந்தச் சிகிச்சை என்பதிலும் ஏமாற்றங்கள் உண்டு. 2003-இல் வெளியான என்ரிச்ட் ஆய்வில், மனச்சோர்வோ ஆதரவின்மையோ இருந்த 2,481 மாரடைப்பு நோயாளிகளில் ஒரு பாதிக்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை கொடுத்தார்கள். மனம் ஓரளவு தேறியது. மரணமும் மறு மாரடைப்பும் குறையவில்லை. 2002-இல் 369 பேரிடம் நடந்த ஆய்வு, மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரை இதயத்துக்குப் பாதுகாப்பானது என்று காட்டியது. 2018-இல் தென்கொரியாவிலிருந்து வந்த முடிவு சற்று நம்பிக்கையூட்டுகிறது. மனச்சோர்வு இருந்த 300 இதய நோயாளிகளில், 24 வாரம் எஸ்சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுத்தவர்களில் சுமார் எட்டு ஆண்டில் பெரிய இதயப் பாதிப்பு அல்லது மரணம் நேர்ந்தது 40.9 சதவீதத்தினருக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 53.6 சதவீதத்தினருக்கு. ஒரே ஒரு மையத்தின் முடிவு என்பதால் இதை வைத்து, மனத்துக்குச் சிகிச்சை கொடுத்தால் உயிர் நீளும் என்று நோயாளிக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். மனம் தேறும் என்று சொல்லலாம். அதுவே சிகிச்சைக்குப் போதுமான காரணம். இதயத்துக்கு நல்லது என்ற சாக்கு இல்லாமலே துயரத்துக்கு மருந்து கொடுக்கலாம்.

மாத்திரை கொடுக்கும் முன் இதய மருத்துவரும் மனநல மருத்துவரும் பேசிக்கொள்வது கட்டாயம். ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் கட்டியாகாமல் இருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்த்து எடுப்பார். அதோடு செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மாத்திரையும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து ஏறும். அதே வகையைச் சேர்ந்த ஃப்ளுவாக்ஸெடின் க்ளோபிடோக்ரெலின் செயலைக் குறைக்கக்கூடும். சிட்டலோப்ராம் அளவு கூடினால் ஈசிஜியில் க்யூடி இடைவெளி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்செயல் முடிய எடுக்கும் நேரம், நீளும். ட்ரைசைக்ளிக் எனப்படும் பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகளை மாரடைப்புக்குப் பின் தவிர்ப்பார்கள். மாத்திரை வேண்டாம் என்பவருக்கு மேற்பார்வையுடன் கூடிய உடற்பயிற்சி வெறும் ஆறுதல் பரிசு அல்ல. அது மனச்சோர்வு அறிகுறிகளைக் குறைக்கிறது என்பதற்கு இதய நோயாளிகளிடமே ஆதாரம் இருக்கிறது.

ஆட்களே இல்லாத மையம் என்ன செய்யும்? பைபாஸ் அறுவை செய்துகொண்ட 302 பேரிடம் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், நர்ஸ்கள் எட்டு மாதம் தொலைபேசியில் பேசி, மருத்துவரோடு ஒருங்கிணைத்தே மனச்சோர்வைக் குறைத்துக் காட்டினார்கள். அவர்கள் மாரடைப்பு நோயாளிகள் அல்ல, ஆனாலும் ஏற்பாடு அதேதான். பெயர் குறிப்பிட்ட ஒருவர், ஒரு தொலைபேசி, வாரம் ஒருமுறை மனநல மருத்துவரோடு பட்டியலைப் பார்க்க ஓர் அரை மணி நேரம். இவ்வளவும் இருந்தால் எல்லோரிடமும் இரண்டு கேள்வி கேட்கத் தொடங்கலாம். இதுகூட இல்லையென்றால் முன்வரலாறு உள்ளவர்களோடு நிறுத்திக்கொண்டு, அவர்களை ஒழுங்காகத் தொடர்வதே மேல்.

ஒன்பதாவது கேள்வியை மட்டும் எந்த மையமும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இறந்துவிட்டால் நல்லது என்றோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளவோ எண்ணம் வந்ததா என்பது அது. பூஜ்யத்துக்கு மேல் எந்த எண் வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல், நோயாளி கிளம்புவதற்கு முன் ஒருவர் நேரில் கேட்டு ஆபத்தை மதிப்பிட வேண்டும். தாளை மாலையில்தான் பார்ப்போம் என்ற நிலை இருந்தால் அந்தக் கேள்வி இல்லாத எட்டு கேள்வி வடிவத்தைப் பயன்படுத்தலாம். கோடியாக்ஸில் பயன்படுத்தியதும் அதைத்தான். கேட்காமல் விடுவது கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள். கேட்டுவிட்டுப் படிக்காமல் வைப்பது அதைவிட மோசம் என்பேன்.

இன்னொன்று, எந்தத் தாளும் வந்தவர்களிடம்தான் வேலை செய்யும். முதல் சந்திப்புக்கே வராதவர், மறுவாழ்வு வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு நின்றுவிட்டவர், மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்காதவர் ஆகியோரிடையே மனச்சோர்வு கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆகவே தொலைபேசி எடுப்பவர் தொடங்க வேண்டிய பட்டியல், மதிப்பெண் பத்தைத் தாண்டியவர்களுடையது மட்டும் அல்ல, அந்த வாரம் வராமல் போனவர்களுடையதும்தான்.